ஒற்றை எலக்ட்ரானை வேலை வாங்குவது எப்படி?

கே: ஒரே ஒரு எலக்ட்ரானைத் தனியாகப் பிடித்து அடைத்து வைக்கிறார்களாமே! கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு எங்கே போய்க் கூண்டு செய்வது?

ப: மின்னழுத்தம்தான் கூண்டு. சிலிக்கான் சிப்பின் மேல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள உலோக மின்முனைகளைப் பதிக்கிறார்கள். அவற்றின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், அடியில் உள்ள எலக்ட்ரான்கள் ஓரம் ஒதுங்கி, நடுவில் சில பத்து நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு குழி உண்டாகும். இதற்குப் பெயர் குவாண்டம் டாட். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் குணம் கொண்டவை என்பதால், உள்ளே ஒன்று இருந்தால் அடுத்தது நுழையக் கூடுதல் ஆற்றல் தேவை. இந்தக் குணத்தை வைத்தே ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, கடைசி ஒன்றோடு நிறுத்திவிடலாம். உள்ளே எத்தனை மிச்சம் என்பதைப் பக்கத்தில் ஓடவிட்டிருக்கும் மெல்லிய மின்னோட்டம் காட்டிக்கொடுக்கும். ஓர் எலக்ட்ரான் வெளியேறினாலும் அந்த மின்னோட்டம் ஒரு படி தாவும். மூன்றாவது கேள்விக்கு இந்தப் படி தேவைப்படும்.

கே: எலக்ட்ரான் பம்பரம் மாதிரிச் சுழல்வதால்தானே அதற்கு ஸ்பின் இருக்கிறது?

ப: இல்லை. 1925-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் அப்படி நினைத்துத்தான் ஒரு சின்னக் கட்டுரை எழுதி ஆசிரியர் ஏரன்ஃபெஸ்ட்டிடம் கொடுத்தார்கள். இயற்பியல் பெரியவர் லோரென்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படிச் சுழன்றால் எலக்ட்ரானின் விளிம்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும் என்று காட்டிவிட்டார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஏரன்ஃபெஸ்ட்டிடம் ஓடினால், அவர் அதை ஏற்கெனவே இதழுக்கு அனுப்பிவிட்டிருந்தார். நல்லவேளை! பம்பரப் படம் தவறு, ஆனால் எலக்ட்ரானுக்குப் பிறவியிலேயே ஒரு காந்தத்தன்மை உண்டு, காந்தப்புலத்தில் அளந்தால் அதற்கு மேல், கீழ் என இரண்டே விடைகள் என்ற முடிவு சரி. அந்த இரண்டு விடைகளையும் 1922-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களில் கண்டிருந்தார்கள். தாங்கள் கண்டது எலக்ட்ரானின் ஸ்பின் என்பது அப்போது அவர்களுக்கே தெரியாது.

கே: சரி, அடைத்துவைத்த எலக்ட்ரானின் ஸ்பின் மேலா கீழா என்று எட்டிப் பார்ப்பது எப்படி? அவ்வளவு சின்னக் காந்தத்தை அளக்கக் கருவி இருக்கிறதா?

ப: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒற்றை எலக்ட்ரானின் காந்தத்தை நேராக அளப்பது மிகக் கடினம். அதனால் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 2004-ல் கேள்வியையே மாற்றிக் கேட்டது. ஸ்பின் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, எலக்ட்ரான் உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்டது.

காந்தப்புலத்தில் வைத்தால் இரண்டு ஸ்பின் நிலைகளில் ஒன்றுக்கு ஆற்றல் சற்று அதிகம், மற்றதற்குக் குறைவு. குழிக்குப் பக்கத்தில் எலக்ட்ரான்கள் ஏராளமாக நிரம்பிய ஒரு தேக்கம் உண்டு. அதன் நிரம்பிய மட்டம் இந்த இரண்டு நிலைகளுக்கும் சரியாக நடுவில் வருமாறு மின்முனையின் அழுத்தத்தைத் திருகி வைக்கிறார்கள். இப்போது எலக்ட்ரான் மேல் மட்டத்தில் இருந்தால் வெளியே குதித்துவிடும். சற்று நேரத்தில் தேக்கத்திலிருந்து இன்னொன்று கீழ் மட்டத்துக்கு வந்து உட்காரும். முதலிலேயே கீழ் மட்டத்தில் இருந்தால் அது இருந்த இடத்தைவிட்டு அசையாது. பக்கத்தில் ஓடும் அந்த மின்னோட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோடு ஒரு படி ஏறி உடனே இறங்கினால், அந்தப் புடைப்பே விடை. புடைப்பு வராமல் நேராகவே ஓடினால் அதுவும் விடைதான். ஒரு முறை பார்த்தால் போதும், ஆயிரம் முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனையில் 8 டெஸ்லா புலத்தில் ஸ்பின் தன் நிலையை 0.85 மில்லிநொடி வரை தக்கவைத்தது. மனிதக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓர் எலக்ட்ரானை வேலை வாங்க அது தாராளமான அவகாசம்.

கே: பார்த்தாகிவிட்டது. திருப்புவது எப்படி? சொன்ன பேச்சைக் கேட்குமா?

ப: சரியான அலைவரிசையில் சொன்னால் கேட்கும். சிலிக்கானில் 1 டெஸ்லா புலத்துக்கு ஏறத்தாழ 28 கிகாஹெர்ட்ஸ். அந்த மைக்ரோவேவ் அலையை எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு தூரம் ஸ்பின் திரும்பும். முழுதாகக் கவிழ்க்கலாம். பாதியில் நிறுத்தி, இரண்டு விடைகளும் கலந்த நிலையில் வைக்கலாம். குவாண்டம் கணினிக்கு வேண்டியது அந்தப் பாதிதான். இப்படி வேலை வாங்கும் ஒவ்வொரு ஸ்பினும் அதற்கு ஒரு கியூபிட். 2006-ல் டெல்ஃப்ட் குழு குவாண்டம் டாட்டில் ஒற்றை ஸ்பினை இப்படிச் சுழற்றிக் காட்டியது.

இரண்டு எலக்ட்ரான்களை ஒன்றோடொன்று பேசவைக்க, இடையில் உள்ள மின்முனையின் அழுத்தத்தை மாற்றி நடுத் தடுப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்தினால் போதும். டேனியல் லாஸும் டேவிட் டிவின்சென்ஸோவும் 1998-ல் காகிதத்தில் போட்ட திட்டம் இது. 2005-ல் ஹார்வர்டில் இத்தகைய ஒரு மாற்றத்தை 180 பிகோநொடியில் செய்து முடித்தார்கள். அந்த நேரத்தில் ஒளியே சுமார் 5.4 சென்டிமீட்டர்தான் போயிருக்கும்.

கே: எல்லாம் இவ்வளவு நன்றாக நடக்கிறதென்றால் லட்சம் கியூபிட் கணினி எங்கே? யார் கெடுக்கிறார்கள்?

ப: அக்கம்பக்கம்தான். எலக்ட்ரான் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தொடக்க காலச் சோதனைகள் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் நடந்தன. அதிலுள்ள ஒவ்வொரு அணுக்கருவுக்கும் சொந்தமாக ஸ்பின் உண்டு. ஒரு டாட்டுக்குள் அப்படிச் சுமார் பத்து லட்சம் கருக்கள் ஆளுக்கொரு பக்கம் அசைந்தபடி இருக்கும். அவற்றின் நடுவில், மேல் அல்லது கீழ் என்ற நிலை தாங்கினாலும், எலக்ட்ரானின் கலப்பு நிலை சுமார் 10 நானோநொடியில் கலைந்துபோனது. சிலிக்கான் இதில் பரவாயில்லை. இயற்கைச் சிலிக்கானில் தொல்லை தரும் சிலிக்கான்-29 ஏறத்தாழ 4.7 சதவீதம்தான். அதையும் வடிகட்டி, ஸ்பின் இல்லாத சிலிக்கான்-28-ஐ மட்டும் வைத்துச் செய்த டாட்டில், 2014-ல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 120 மைக்ரோநொடியை எட்டியது. பன்னிரண்டாயிரம் மடங்கு! எலக்ட்ரானுக்கு எதையும் செய்யவில்லை, சுற்றுப்புறத்தை மட்டுமே சுத்தம் செய்தார்கள். இந்தத் துறையின் பெரிய வெற்றி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மிச்சமிருக்கும் தொல்லை இன்னும் பிடிவாதமானது. ஸ்பினைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து கம்பி போக வேண்டும். கம்பி வழியாகக் கட்டளை மட்டுமா போகும்? ஜன்னலைத் திறந்தால் காற்றோடு கொசுவும் வருவதைப் போல, வெப்பமும் மின்னிரைச்சலும் சேர்ந்தே உள்ளே போகும். முழுக்க மூடி வைத்தால் ஸ்பின் பத்திரமாக இருக்கும், ஆனால் அதை வேலை வாங்க முடியாது. திறந்தால் வேலை வாங்கலாம், ஆனால் அது கலையும். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ள செல்போன் சிப்புக்குச் சில ஆயிரம் இணைப்புகளே போதும். இங்கே ஒவ்வொரு டாட்டுக்கும் தனித்தனியாகக் கம்பி, தனித்தனியாகச் சுதி சேர்ப்பு. லட்சம் கியூபிட்டுக்குத் தடையாக நிற்பது இதுதான்.

கே: ஏன் அவ்வளவு குளிர் வேண்டும்? சாதாரண ஏசி போதாதா?

ப: 1 டெஸ்லாவில் இரண்டு ஸ்பின் மட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வெப்பநிலையாகச் சொன்னால் 1.3 கெல்வின். நம் அறை 300 கெல்வின். அந்த அமளியில் மேல் எது, கீழ் எது? அதனால் ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டையும் கலந்து இயங்கும் குளிர்விப்பானில், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறார்கள். 2020-ல் சிட்னி குழு 1.5 கெல்வினிலும், டெல்ஃப்ட் குழு 1.1 கெல்வினிலும் ஸ்பின் கியூபிட்டுகளை இயக்கிக் காட்டின. ஒரு கெல்வினில் என்ன லாபம் என்று நினைக்கலாம். அங்கே குளிர்விப்பான் பன்மடங்கு வெப்பத்தை வெளியேற்றும். கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்றையும் கியூபிட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வழி பிறக்கும், வெளியிலிருந்து வரும் கம்பிகள் குறையும்.

கே: எங்கள் வீட்டு கியூஎல்இடி டிவியிலும் குவாண்டம் டாட் என்று போட்டிருக்கிறதே?

ப: அது உறவுக்காரர். அங்கே சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள்கள், அளவுக்கேற்ற நிறத்தில் ஒளிரும். 2023-ன் வேதியியல் நோபல் பரிசு அவற்றுக்காகத்தான். சின்ன இடத்தில் எலக்ட்ரானை நெருக்கினால் ஆற்றல் படிப்படியாகப் பிரியும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

கே: குவாண்டம் கணினிப் பந்தயத்தில் சிலிக்கான் எத்தனையாவது இடம்?

ப: எண்ணிக்கையில் பின்தங்கித்தான் இருக்கிறது. மீக்கடத்திச் சுற்றுகளால் செய்த கியூபிட்டுகளில் ஐபிஎம் 2023-லேயே ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட சிலிக்கான் ஸ்பின் சிப்பில் 12. ஆனால் 2022 ஜனவரியில் சிட்னி, டெல்ஃப்ட், ஜப்பானின் ரிக்கன் ஆகிய மூன்று குழுக்களும் ஒரே இதழில், இரண்டு கியூபிட் செயல்பாட்டில் துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டியதாக அறிவித்தன. பிழைகளைத் திருத்திக்கொண்டே கணக்குப் போடும் முறைக்கு அதுதான் நுழைவுச் சீட்டு. டாட் மிகச் சிறியது. செய்யும் தொழிற்சாலையும் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது. கம்பிச் சிக்கல் அவிழ்ந்தால் சிலிக்கான் முந்தும் என்பது என் கட்சி.

கே: ஒரே நேரத்தில் உயிரோடும் இறந்தும் இருக்கும் ஷ்ரோடிங்கரின் கற்பனைப் பூனை இந்தச் சிப்பில் எங்காவது இருக்கிறதா?

ப: இருக்கிறது! சிட்னி குழு 2025-ல் சிலிக்கானில் பதித்த ஆன்டிமனி அணுவின் கருவில் அப்படியொரு நிலையை உண்டாக்கியது. அந்தக் கருவுக்கு எட்டு ஸ்பின் நிலைகள். இரண்டு கடைசி நிலைகளையும் கலந்து வைத்தால், ஒன்று மற்றதாக மாற ஏழு தவறுகள் வரிசையாக நடக்க வேண்டும். ஒரு தவறு நடந்தவுடனே கண்டுபிடித்துத் திருத்தலாம்.

கே: பிளஸ் டூ படிக்கும் என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். என்ன படிக்கச் சொல்லட்டும்?

ப: தாராளமாகப் போகட்டும். இந்திய அரசு 2023-ல் ₹6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்தது. குவாண்டம் கணினிக்கான மையம் பெங்களூரு ஐஐஎஸ்சியில், தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியில். கல்லூரியில் இயற்பியலோ மின்னணுவியலோ எடுக்கட்டும். கணிதத்தில் அணிகளையும் கலப்பெண்களையும் பயமில்லாமல் கையாளப் பழகட்டும். அதோடு கையால் செய்யும் வேலையையும் கற்கட்டும்: சால்டர் வைப்பது, கசிவு தேடுவது, இரைச்சல் எந்தக் கம்பியில் நுழைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. அறை வெப்பநிலையில் ஒழுங்காக இருந்த இணைப்பு, குளிரில் சுருங்கி விட்டுப்போகும். அதைச் சரிசெய்ய மொத்தக் குளிர்விப்பானையும் மறுபடி சூடாக்கித் திறக்க வேண்டும். முதல் முறையே ஒழுங்காகச் சால்டர் வைப்பவரை எந்த ஆய்வகமும் விடாது.