பழைய பவர் சப்ளையைப் பழுதுபார்க்கும் முறை

முதலில் காயலான் கடைக்குப் போங்கள். 0-30 வோல்ட், 2 ஆம்பியர், முகப்பில் இரண்டு முள் மீட்டர், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம்: அதுதான் உங்களுக்கானது. "ஓடுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். "சூப்பரா ஓடும் சார், வயர்தான் இல்ல" என்பார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் துடையுங்கள். பின்பக்கத் திருகு வரிசையில், அடுத்தடுத்த திருகுகளைச் சேர்த்தபடி சின்னப் பித்தளைத் தகடுகள் களிம்பேறிக் கிடக்கும். பார்க்க அசிங்கம். கழற்றித் திருகு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போடுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் பயமில்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். (கிண்டலில்லாத ஒரே யோசனை இது.)

என் பெட்டி இதில் தேறியது. ஆனால் குமிழை 12-ல் வைத்தால் முள் 13-ஐத் தாண்டி நிற்கும். லோடு கொடுத்தால் தொங்கிவிடும். ஆகவே, கெபாசிட்டர்களை மாற்றுங்கள். வயதானால் உள்ளிருக்கும் திரவம் வறண்டு, ரேடியோவை மாட்டினால் 100 ஹெர்ட்ஸில் உறுமும். என்னுடையது உறுமவில்லை. இருந்தாலும் மாற்றினேன். கை வைக்கும் முன், 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முனைகளில் அரை நிமிடம் பிடித்து மின்னேற்றத்தை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டினாலும் இறங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையும் சேர்ந்து போகும்.

அடுத்து 2என்3055 டிரான்சிஸ்டர். இது ஷார்ட் ஆனால் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் 40 வோல்ட் கொட்டும். எனக்குக் கொட்டவில்லை, மாற்றினேன். ரிச்சி தெருவில் "ஒரிஜினலா, சாதாவா சார்?" என்றார்கள். ஒரிஜினல் என்று சொல்லி, எதையோ வாங்கி வந்தேன். அதன் உலோக உடம்பே கலெக்டர் என்பதால், ஹீட் சிங்க்குக்கு நடுவே மைக்காத் தாள் வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை. அந்தப் பசை மைக்காவில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம், காபி டம்ளரில் மீதி என்று பரவும்.

மிச்சமிருந்தது 723 ஐசி. 1967-ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தார் வெளியிட்டது. அவர்கள்மீதும் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். முள் 13-லிருந்து அசையவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அலமாரிக் கதவுக்குத் திருகு தேடிய மனைவி டப்பாவைக் கவிழ்த்தாள்.

"இந்தப் பித்தளைத் துண்டெல்லாம் எதுக்குங்க?"

வெளியே எத்தனை வோல்ட் போகிறது என்று உள்ளிருக்கும் சுற்றுக்குச் சொல்லும் பாலங்கள் அவை. அவை இல்லாமல் மூன்று வாரமாக அது குத்துமதிப்பாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். 12 வைத்தால் 12.

"என்ன ரிப்பேருங்க?" என்றாள். "கொஞ்சம் சிக்கலான கேஸ்" என்று சொல்லிவிட்டு, நல்ல நிலையிலிருந்த பழைய பாகங்களை அதே டப்பாவில் போட்டு மூடினேன்.