ஹாலில் அவுட், படுக்கையறையில் நாட் அவுட்

படுக்கையறைக்கு இன்னொரு டி.வி. வாங்குகிறவருக்கு, இன்னொரு செட்டாப் பாக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்ட மட்டும் மனசு வராது. இந்த மனசை நம்பித்தான் 2000-களில் வயர்லெஸ் ஏ.வி. டிரான்ஸ்மிட்டர்கள் விற்றன. ஹாலில் ஒரு பெட்டி, படுக்கையறையில் ஒரு பெட்டி. படமும் ஒலியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையேறிச் சுவரைத் தாண்டிவிடும்.

ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளிக்குத்தான் சுவர் தாண்டத் தெரியாது. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். படுக்கையறைப் பெட்டி ரிமோட் சொல்வதை வாங்கி, 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக்கி ஹாலுக்கு அனுப்பும். அங்கே அது மறுபடி அகச்சிவப்பாகி பாக்ஸின் கண்ணில் படும். பொறியியல் பிரமாதம், குடும்பவியல்தான் உதைத்தது. பாக்ஸ் ஒன்று என்றால் சேனலும் ஒன்று. மாமனார் கட்டிலில் படுத்தபடி கிரிக்கெட்டுக்கு மாற்றுவார். ஹாலில் தாலி கட்டப் போன மாப்பிள்ளை மறைந்து, ஜாகீர் கான் பந்துடன் ஓடி வருவார்.

பழிக்குப் பழி சமையலறையிலிருந்து வந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு இந்தப் பட்டையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கியது. வைஃபை, புளூடூத் எல்லாம் பின்னால் வந்த ஒட்டுக்குடித்தனம். அடுப்பிலிருந்து கசிவது உடம்பை ஒன்றும் செய்யாது. ஆனால் மில்லிவாட் கணக்கில் முனகும் டிரான்ஸ்மிட்டருக்கு அது பேரிரைச்சல். சாம்பார் சூடாகும் வரை திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும்.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயர்ந்தால் அடுப்புத் தொல்லை இல்லை. ஆனால் அந்த அலை சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். ஸ்டீல் பீரோவைக் கண்டால் திரும்பியே போய்விடும்.

2013-இல் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் வந்தது. அதில் போன் வெறுமனே உத்தரவு போடும்; படத்தை இணையத்திலிருந்து இழுப்பது டி.வி.யில் செருகிய அந்தக் குச்சிதான். கோடுகள் ஒழிந்தன, தாமதம் வந்தது. படத்தைச் சுருக்கி, கொஞ்சம் சேர்த்துவைத்துக் காட்டுவதால் நேரலை பல நொடி பின்தங்கும். டி.டி.எச். பார்க்கும் ஹாலில் "அவுட்!" என்று கூச்சல் எழும்போது, படுக்கையறையில் பேட்ஸ்மேன் அப்போதுதான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார். நடக்கப்போவதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல எந்த ஜோசியராலும் முடியாது; மாமனார்தான் தட்சிணை தரத் தயாராக இல்லை.

ஒலியை மட்டும் புளூடூத்தில் அனுப்பினாலும் சாதாரணமாக 0.1 முதல் 0.2 நொடி வரை பிந்தும். வாய் அசைந்து முடிந்த பிறகு வசனம் வரும். காது மந்தமான பாட்டிக்காகக் கட்டிலருகே ஸ்பீக்கர் வைத்த பேரன் இதற்காக ரொம்பக் கவலைப்பட்டான். பாட்டி பார்ப்பதோ இந்தியிலிருந்து டப்பிங் ஆன தொடர். உதடும் வசனமும் ஒட்டவில்லை என்று அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.