போகலூசா தலபுராணம்

எந்த ஊருக்கும் ஒரு தலபுராணம் இருக்கும். முனிவர் தவம் செய்திருப்பார், பசு தானாகப் பால் சொரிந்திருக்கும், இந்திரன் ஏதாவது சாபம் தீர வந்து போயிருப்பான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேர்ல் ஆற்றுப் பக்கம் இருக்கும் போகலூசாவுக்கும் ஒன்று உண்டு. கம்பெனி காலத்துப் புராணம் என்பதால் முனிவர்கள் இடத்தில் முதலாளிகள் இருப்பார்கள். தவம் கிடையாது.

முதலாளிகள் இருவர். ஃபிராங்க் குட்இயர், சார்லஸ் குட்இயர், பஃபலோ நகரத்துச் சகோதரர்கள். (டயர் கம்பெனி பெயரில் இருக்கும் சார்லஸ் குட்இயர் வேறு ஆள். அவர் ரப்பரை நம்பிக் கடனாளியாகச் செத்தார். இவர்கள் மரத்தை நம்பிக் கோடீஸ்வரர் ஆனார்கள்.) பென்சில்வேனியாவில் ஹெம்லாக் காட்டை அறுத்துத் தள்ளிவிட்டு, அடுத்த காடு எங்கே என்று தெற்கே பார்த்தார்கள். லட்சக்கணக்கான ஏக்கரில் நீள இலைப் பைன் பேசாமல் நின்றுகொண்டிருந்தது. 1902-ல் கிரேட் சதர்ன் லம்பர் கம்பெனி பிறந்தது.

நடுக்காட்டில் மில் வைத்தால் வேலையாள் எங்கே குடியிருப்பான்? அதனால் ஊரையும் மில்லோடு சேர்த்தே செய்தார்கள். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நியூ ஆர்லியன்ஸுக்கு ரயில், எல்லாம் வந்தன. வெள்ளையர் இந்தப் பக்கம், கறுப்பர் அந்தப் பக்கம் என்று பிரிவினையையும் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். பின்னால் வருகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமே. இந்த ஊருக்கு மாய நகரம் என்று பட்டப்பெயர்.

1908-ல் ரம்பம் ஓடத் தொடங்கியது. அன்றைய உலகத்திலேயே பெரிய மர அறுவை மில் என்றார்கள். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் போர்டு அடி. ஒரு அடி அகலம், ஒரு அங்குல கனத்தில் பலகையாக நீட்டிப் போட்டால் சுமார் 300 கிலோமீட்டர் போகும். மறுநாள் இன்னொரு 300. இதையெல்லாம் பார்க்க ஃபிராங்குக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1907-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சார்லஸ் 1911-ல்.

ஆனால் உற்சவ மூர்த்தி இந்த இருவரும் அல்ல, ஜெனரல் மேனேஜர் டபிள்யூ. ஹெச். சல்லிவன். 1914-ல் ஊர் நகராட்சி ஆனபோது மேயராக யாரைப் போடலாம் என்று ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1929-ல் சாகும்வரை சல்லிவன்தான். மில்லைப் பற்றி நகராட்சிக்குப் புகார் இருந்தால் மேயர் சல்லிவன் மேனேஜர் சல்லிவனுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தபால் செலவு கிடையாது.

இப்படி வெட்டினால் காடு எத்தனை வருஷம் தாங்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் காலத்து மரக் கம்பெனிகள் பலவற்றின் கொள்கை, வெட்டு, மூட்டை கட்டு, கிளம்பு. கிரேட் சதர்ன் கிளம்பவில்லை, 1920-களில் கன்று நட ஆரம்பித்தது. பாராட்ட வேண்டிய காரியம்தான். அங்கேதான் பன்றி வந்தது. நீள இலைப் பைன் கன்று முதல் சில வருஷங்கள் உயராமல் புல்கொத்து போலத் தரையோடு உட்கார்ந்து வேரைப் பருக்கவைக்கும். அந்த வேர் பன்றிக்கு அமிர்தம். அந்தப் பக்கத்தில் பன்றியை ஊர் மேய அவிழ்த்துவிடுவது அப்போது குடியானவனின் பிறப்புரிமை. உலகத்தின் மிகப்பெரிய மில்லை நடத்தியவர்கள் கடைசியில் பன்றிக்கு வேலி போட்டுக்கொண்டு நின்றார்கள். கம்பெனியிடம் கடைசிவரை பணியாத ஊர்க்காரர் அதுதான்.

மனிதர்களும் பணிய மறுத்தார்கள். தலபுராணம் அந்தப் பக்கத்தை மட்டும் எச்சில் தொட்டு வேகமாகப் புரட்டும். 1919-ல் வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் தொழிற்சங்கத்தில் கை கோத்தார்கள், அதுவும் தெற்கில். கம்பெனிக்கு வேண்டியவர்கள் சுயபாதுகாப்பு விசுவாச சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு, யாருக்கு விசுவாசம் என்பது பெயரில் இல்லை. கறுப்பர் சங்கத் தலைவர் சால் டேகஸைத் தேடி ஒரு ராத்திரி கும்பல் போனது. அவர் தப்பினார். மறுநாள், நவம்பர் 22, ஆயுதம் ஏந்திய இரண்டு வெள்ளைத் தோழர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்தார். தொழிற்சங்கத் தலைவர் வில்லியம்ஸின் கராஜில் துப்பாக்கிகள் வெடித்தன. வில்லியம்ஸ் உட்பட நான்கு வெள்ளைத் தொழிற்சங்கத்தினர் செத்தார்கள். டேகஸ் மறுபடி தப்பினார். சுட்ட யாருக்கும் தண்டனை இல்லை. வில்லியம்ஸின் மனைவி கம்பெனி மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1928-ல் தோற்றது.

1938-ல் பெரிய மரம் தீர்ந்து மில் மூடியது. காகித ஆலை இருந்ததால் ஊர் பிழைத்தது. பைன் வாசம் போய்க் கந்தக வாடை வந்தது. சம்பளம் வந்ததால் மூக்கு பழகிக்கொண்டது.

அந்தக் காகித ஆலையில் வேலை பார்த்தவர் ராபர்ட் ஹிக்ஸ். 1965 பிப்ரவரியில் சிவில் உரிமை இயக்கத்தின் வெள்ளை இளைஞர்கள் இருவர் அவர் வீட்டில் தங்கினார்கள். கும்பல் வரப்போகிறது என்று போலீஸே வந்து சொன்னது. நல்ல மனசு. காவலுக்கு மட்டும் நிற்காதாம். ஹிக்ஸ் வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்குப் போன் பறந்தது. கறுப்பர்கள் துப்பாக்கியோடு வந்து வீட்டைச் சுற்றி நின்றார்கள், கும்பல் வரவில்லை. கறுப்பர்களின் தற்காப்பு அமைப்பான டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸின் போகலூசா கிளை அதே மாதம் தொடங்கியது. ஹிக்ஸ் வழக்கும் போட்டார். ஊர்வலம் போகிறவர்களைப் போலீஸ் பாதுகாக்க வேண்டும் என்று ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. போகலூசா போலீஸுக்கு அது புது வேலை.