மூக்கடைப்பும் காதடைப்பும்: மன்னார்க் கரையிலிருந்து ஓர் ஆய்வு

தடிமன் பிடித்தால் காதும் ஏன் மந்தமாகிறது என்ற வினாவுக்கு மன்னார்த் தீவின் புலமை உலகம் இன்னும் உரிய இடம் தரவில்லை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் ஆய்வுக்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. மல்லி அவித்துக் குடிப்பார்கள், நொச்சி போட்டு வேது பிடிப்பார்கள். கடைசியில் தைல டப்பா திறக்கும். மூக்கில் தொடங்கும் அதன் ஆட்சி முதுகு, முழங்கால், பூச்சிக்கடி வரை பரவும்.

ஒரே மருந்து உடம்பு முழுவதையும் ஆளலாம் என்பது நம்மவர் கண்டுபிடிப்பன்று. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் சாமுவேல் ஹார்ட்மன் என்ற மருத்துவர் எல்லா நோயும் சளியே என்றார். வயிற்றில் வந்தால் வயிற்றுச் சளி, நுரையீரலில் வந்தால் நுரையீரல் சளி. எல்லாவற்றுக்கும் அவர் விற்ற மருந்து 'பெருனா'. அதில் ஏறத்தாழ 28 விழுக்காடு மதுசாரம். மூக்கு திறந்ததோ இல்லையோ, மூக்கைப் பற்றிய கவலை தீர்ந்திருக்கும்! 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 'காலியர்ஸ்' இதழில் அதைத் தோலுரித்தார்.

அதே 1905இல் மன்னார்க் கரையின் மரிச்சுக்கட்டியில் மூக்குக்கும் காதுக்கும் உள்ள உறவு பற்றிய மாபெரும் களஆய்வு நடந்தது. நடத்தியவர்களுக்குத்தான் அது தெரியாது. அந்த முத்துக்குளிப்புப் பருவத்தில் 8 கோடிக்கும் அதிகமான முத்துச்சிப்பிகள் கரையேறின. அரபுக் குளியாளிகள் கொம்பாலான கவ்வியை மூக்கில் மாட்டினார்கள். தமிழ்க் குளியாளிகளுக்கு இரண்டு விரல் போதுமாயிருந்தது.

பொத்திய மூக்கு நீரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, செவிப்பறையை உள்ளே தள்ளும். தொண்டையின் மேற்பகுதியையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் வழியே காற்றை ஊதி அதைச் சமன்செய்ய வேண்டும். அக்குழாய்க்கு 16ஆம் நூற்றாண்டின் யூஸ்டேக்கி பெயர்; ஊதும் முறைக்கு 1704இல் காது பற்றி நூல் எழுதிய வால்சால்வா பெயர். இருவரும் இத்தாலியர். அவர்களைவிடப் பல நூற்றாண்டு மூத்தது மன்னார் முத்துக்குளிப்பு. ஆனால் குளியாளி எவர் பெயரும் எதற்கும் இல்லை. தடிமனில் அந்தக் குழாய் வீங்கி அடைகிறது. வீட்டிலிருப்பவருக்குக் காது மந்தம். மூழ்குபவருக்குச் செவிப்பறையே கிழியலாம்.

இனி டப்பாவுக்கு வருவோம். தைலத்திலுள்ள மெந்தோல் மூக்கின் குளிர் உணர்விகளைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை நம்புகிறது. கார்டிஃபில் ரொனால்ட் எக்கிள்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் மூக்கினுள் காற்றுத்தடை குறையவேயில்லை. சுகம் உண்மை, திறப்பு பொய். இரவில் நித்திரை வர அந்தச் சுகமே போதும் என்பவர்களோடு இக்கட்டுரைக்கு வழக்கில்லை.

ஆனால் அந்தப் பொய்யை நம்பி, தடிமனோடு சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்காதீர்கள். காதில் வலியோ சீழோ இருந்தால் உள்ளி காய்ச்சிய எண்ணெய் விடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கிழிந்த செவிப்பறைக்குள் எண்ணெய் போகக் கூடாது.