காட்டும் வேகமும் ஓடும் வேகமும்

கேள்வி: கார் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது போனிலுள்ள ஜிபிஎஸ் 95 என்கிறதே, எது பொய்?

பதில்: ஸ்பீடோமீட்டர்தான், அதுவும் சட்டத்தின் சம்மதத்தோடு! ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிப்படி, கார் ஓடும் வேகத்தை அது குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீட்டரும். ஆக, 100இல் ஓடும் காரின் முள் 114 வரை போகலாம். 99 காட்டினால் குற்றம்.

இந்தத் தாராளத்துக்குக் காரணம் டயர். ஸ்பீடோமீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்தே வேகத்தைக் கணக்கிடுகிறது. புது டயரின் பட்டன் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். அது தேயத் தேயச் சுற்றளவு குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்ற, முள்ளும் ஏறுகிறது. வழவழவென்று தேய்ந்த டயரில் இதனால் மட்டும் சுமார் 2 சதவீதம் கூடும். காற்று குறைந்தாலும் கொஞ்சம் அப்படித்தான்.

அழகுக்காகப் பெரிய டயர் மாட்டினால் கதை தலைகீழ். முள் குறைத்துக் காட்டும். அபராதச் சீட்டுதான் சரியான வேகத்தைச் சொல்லும். ஜிபிஎஸ்ஸும் சுரங்கப்பாதைக்குள் திணறும். நேரான, திறந்த சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அதை நம்பலாம்.