குபாலா யாருக்குச் சொந்தம்?

பார்சிலோனாவின் பழைய ஆட்டக்காரர் லாஸ்லோ குபாலா எந்த நாட்டவர் என்பது மனிதகுலத்தின் அவசரக் கேள்விகளுள் ஒன்று. 1927இல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்பெயின் என மூன்று நாடுகளுக்கு ஆடினார். மூன்று இருந்தும் உலகக் கோப்பை இறுதிச்சுற்றில் ஓர் ஆட்டம்கூட வாய்க்கவில்லை; அது சில்லறை விஷயம். பிறந்த மண்ணே சாட்சி என்கிறது ஒரு கட்சி. அணிந்த சட்டையே சாட்சி என்கிறது இன்னொன்று. பெற்றோரின் பூர்விகத்தைத் தோண்டுவோரே மெய்யான அறிஞர்கள். பந்தை எப்படி உதைத்தார் என்று கேட்பவர் விவாதத்தைத் திசைதிருப்புகிறார், வெளியேற்றுவதே முறை. மூன்று அரசுகளையும் அழைத்துத் தீர்ப்புக் கேட்கலாம். செக்கோஸ்லோவாக்கியா மட்டும் வர இயலாது. 1993 பிறந்தபோது அதுவே இரண்டாகிவிட்டது. குபாலா எந்தப் பாதிக்கு என்று முடிவுசெய்யத் தனிக்குழு தேவை.