பாண்டியப் படையில் ஒரு சுருட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு தமிழ் வாத்தியார் வாரப் பத்திரிகைக்குச் சரித்திரத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவரிடம் சம்பளமில்லாத உத்தியோகம்: கதையில் வரும் சங்கதிகளைச் சரிபார்ப்பது. இன்றைக்கு இதற்கு ‘ஃபேக்ட் செக்’ என்று பெயர். அன்றைக்கு, “டேய், இதைக் கொஞ்சம் விசாரிச்சுட்டு வா” என்று பெயர்.

விசாரிப்பது என்றால் மதுரைக்கு பஸ் ஏறுவது. நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை மேனுவல், பிரான்சிஸின் 1906 கெஸட்டியர் இரண்டும் நூலகத்தில் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். வந்தபிறகும், அடகு நகையைக் காசில்லாமல் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்ப்பார். பென்சிலில் குறித்துக்கொண்டு சாயங்காலம் திண்டுக்கல் திரும்பினால், வாத்தியார் அந்த அத்தியாயத்தை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய் ரயிலின் ஆர்.எம்.எஸ். பெட்டியில் போட்டுவிட்டு வந்திருப்பார். நான் கொண்டுவந்த உண்மை அடுத்த வாரத்துக்குத்தான் உதவும். அதற்குள் அந்தப் பாத்திரம் செத்துப்போயிருக்கும்.

அப்படித்தான் பாண்டியப் படைவீரன் ஒருவன் மலைக்கோட்டை அடிவாரத்தில் விடியலுக்குக் காத்திருந்தபடி சுருட்டுப் பற்றவைத்தான். வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. சந்துக்குச் சந்து சுருட்டுச் சுருட்டிய ஊர் இது. ஸ்பென்சர் கம்பெனியே இங்கே சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. புகையிலை வாசனை இல்லாத திண்டுக்கல்லை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் சொன்னேன்: “ஐயா, புகையிலை பறங்கிக்காரன் கொண்டாந்தது. அக்பர் தர்பாருக்கே 1604 வாக்கிலதான் போய்ச் சேர்ந்திருக்கு.” சொன்னதோடு நின்றிருக்கலாம். “மேல நிக்கிற கோட்டையும் 1605-ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் ஆரம்பிச்சதுதான்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுருட்டை எடுத்துர்றேன். கோட்டை இருக்கட்டும். அதை எடுத்தா கதாநாயகி எங்கேர்ந்துடா குதிப்பா?”

பத்திரிகையில் சுருட்டு, பிறகு வந்த புத்தகத்தில் வெற்றிலைபாக்கு. அந்தச் சுருட்டைப் பற்றி ஒரு வாசகரும் எழுதவில்லை. கதாநாயகனின் குதிரை முன்பு வெள்ளை, இப்போது எப்படிச் செம்மண் நிறமானது என்று கேட்டுத்தான் வத்தலக்குண்டிலிருந்து ஒரு கார்டு வந்தது.

நிலா விஷயம் இன்னும் வம்பு. வாத்தியாரின் கதையில் அமாவாசையே கிடையாது. யார் கோட்டைச் சுவர் ஏறினாலும் முழுநிலவு நள்ளிரவில் சிறுமலைக்குப் பின்னாலிருந்து எழும்பும். பௌர்ணமி நிலா பொழுது சாயும்போதே கிளம்பிவிடும் என்பது நம்மூர் ஆட்டுக்காரருக்குத் தெரியும், எழுத்தாளர்களுக்குத்தான் தெரிவதில்லை. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தூக்கிலிட்ட கட்டத்தை எழுத உட்கார்ந்தபோதும் நிலா தயாராக இருந்தது. 1801 செப்டம்பர் 5 என்று சொல்லப்படுகிற நாள்; இடம் இன்று கோபாலசமுத்திரம் என்கிறோமே, அந்தக் குளக்கரை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1,100 வருஷத்துக்குத் திதி கணக்குப் போட்டுத் தந்த மகா பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம் என்று போனேன். அது கி.பி. 700-இல் தொடங்கி 1799-இல் நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்தாற்போல!

வழி சொன்னவர் ரயிலடிப் பக்கம் திண்ணையில் ஜாதகம் பார்த்த ஒரு கிழவர். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருதரம் அதே தேதியை ஒட்டி அதே திதி திரும்பும், ஒருநாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான் என்றார். ஒன்பது பத்தொன்பது 171. 1801-உடன் கூட்டினால் 1972. அந்த வருஷத்து தினசரிக் காலண்டரின் செப்டம்பர் தாளைப் புரட்டினால் 7-ஆம் தேதி அமாவாசை. ஆகவே நாயக்கர் மாண்ட இரவில், விடியப்போகும் நேரத்துக் கீற்றைத் தவிர வானத்தில் ஒன்றும் இருந்திருக்க முடியாது.

“நிலா இல்லாம ஜனங்க எப்படிடா அழுவாங்க?” என்று வாத்தியார் கோபித்துக்கொண்டார். ஆனால் மாற்றினார். தீவட்டி வெளிச்சத்தில் குளக்கரையை எழுதினார். அவர் எழுதியதிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான் என்பது என் கட்சி.

இப்போது பேகம்பூர்ப் பையன் ஒருவன் வெப் சீரீஸ் எழுதுகிறான். என்னிடம் ‘ஃபேக்ட் செக்’ செய்ய வருகிறான். நெல்சனும் பிரான்சிஸும் அவன் செல்போனில் இருக்கிறார்கள். பூட்டு இல்லை, சாவி இல்லை. ஏதோ ஒரு ‘ஆப்’பில் தேதியைத் தட்டினால் நிலாவின் பிறை எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. கம்பெனிச் சிப்பாயின் சட்டைப் பொத்தான்வரை படம் வைத்திருக்கிறான். “சார், 1755-ல ஹைதர் அலி ஃபௌஜ்தாரா திண்டுக்கல் வந்தப்ப சாப்பிட்டது சீரகச் சம்பா பிரியாணியா?”

“யாரும் எழுதி வைக்கல தம்பி.”

“அப்ப சம்பான்னே வெச்சுக்கலாமா?”

“வெச்சுக்க. மிளகாயும் போட்டுக்க, அதுக்குள்ள நம்மூருக்கு வந்தாச்சு. தக்காளியை மட்டும் எடுத்துரு.”

இவ்வளவும் பார்த்துவிட்டு வேடசந்தூர் பக்கம் படப்பிடிப்புக்குப் போனார்கள். மானிட்டரில் காட்டினான். மைசூர்க் குதிரைப் படை புழுதி பறக்க வருகிறது. இரு பக்கமும் சீமைக் கருவேலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய மரம். அதற்கு அப்பால், கோழித் தீவனத்துக்குப் போகவேண்டிய மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பொத்தான் சரி, நிலா சரி, பூமிதான் தப்பு. “சிஜி-ல எடுத்துரலாம் சார்” என்றான். மாவட்டத்தையே அழிக்கவேண்டியிருக்கும் என்று நான் சொல்லவில்லை.

இதைவிட வேடிக்கை, நாவலே ஆதாரமாகிவிட்டது. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் அவர் மேசையில் இருந்தார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களுக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருந்தது. நந்தினிக்கு அவருடைய கற்பனைதான் இருந்தது. 2022-இல் படம் வந்தபின் நந்தினியின் ஊர் எது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். எங்கள் வாத்தியாருக்கும் அந்த பாக்கியம் கிட்டியது. கதாநாயகனை மலையிலிருந்து இறக்க வழியில்லாத ஒரு வாரம், கோட்டைக்குள் அவசரமாக ஒரு சுரங்கப்பாதை வெட்டினார். சமீபத்தில் ஒரு வீடியோவில், மலை உச்சியில் விக்கிரகம் இல்லாமல் நிற்கும் கோயிலைக் காட்டிவிட்டு, அதே சுரங்கத்தை அதே திருப்பங்களோடு சொன்னான் ஒரு பையன். ‘வரலாற்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்’ என்றும் சொன்னான். வாத்தியார் இருந்திருந்தால் அந்தப் பட்டத்துக்கு மயங்கியே சும்மா இருந்திருப்பார்.

எனக்கு உறுத்துவது வேறு. 1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். 1780-இல் அவர் மனைவி வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். நடுவே எட்டு வருஷம் அந்த அம்மாள் மகளோடு, ஹைதரின் ஆதரவில், திண்டுக்கல்லும் விருப்பாட்சியுமாக இந்தப் பக்கம்தான் இருந்தார். வாத்தியாரின் தொடரில் அந்த எட்டு வருஷம் ஒரு பத்தி. பையனின் சீரீஸில் ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் மகள் வளர்ந்துவிடுகிறாள். வாள் எத்தனை கிலோ என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். அடைக்கலம் வந்த அத்தனை பேருக்கும் யார் சோறு போட்டது, மழை பொய்த்த வருஷம் கம்பும் சோளமும் எந்தப் புஞ்சையிலிருந்து வந்தது, இடம் கொடுத்த வீட்டுப் பெண்கள் நாலாவது வருஷத்தில் என்ன முணுமுணுத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சரிபார்க்கிறவன் எழுதிய வரியைத்தான் திருத்த முடியும். எழுதாததை என்ன செய்வது?

ஒட்டன்சத்திரம் தாண்டினால் விருப்பாட்சி. போய்ப் பாருங்கள், முடிந்தால் யாராவது அந்த எட்டு வருஷத்தை எழுதுங்கள். நிலாக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.